டேபிள் சா வாங்கப் போகிறீர்களா? பிளேடுக்குப் பின்னால் பாருங்கள்

எங்கள் பட்டறை தக்கலைக்குப் பக்கத்தில். கட்டில், அலமாரி, ஜன்னல் சட்டம் என்று வீட்டு வேலைகள்தான் அதிகம். போன வருடம் ஆனி மாதம் நாகர்கோவிலில் ஒரு மெஷின் கடையில் 10 அங்குல டேபிள் சா, அதாவது மேசை நடுவில் பிளேடு சுழன்று மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். விலை 64,000 ரூபாய். அதில் 40,000 என் மனைவியின் வளையலை அடகு வைத்து எடுத்த பணம். வாங்கிய ஐந்தாவது வாரம் அந்த மெஷின் ஒரு பலகையை என் வயிற்றில் எறிந்து, இடது ஆட்காட்டி விரலின் நுனியையும் கிழித்துவிட்டது. ஏழு தையல். விரல் மடங்குகிறது, ஆனால் நுனியில் உணர்வு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். புதிதாக மெஷின் வாங்க நினைக்கும் ஆசாரிமாரும், வெளிநாட்டு வேலையை விட்டு வந்து சொந்தப் பட்டறை போடும் தம்பிகளும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் போனபோது மெஷின் பெட்டிக்குள் இல்லை, கடை நடுவில் மாட்டித் தயாராக நின்றது. "டிஸ்ப்ளே பீஸ் தம்பி, எல்லாம் ஃபிட் பண்ணி, செட்டிங் பார்த்து வச்சிருக்கு. உங்களுக்கு மெனக்கெடு இல்ல" என்றார் கடைக்காரர். பெட்டி விலையைவிட 5,000 குறைத்துத் தருவதாகவும் சொன்னார். ரசீது கேட்டேன். ஜி.எஸ்.டி. பில் போட்டால் 18 சதவீதம் ஏறும், வெறும் எஸ்டிமேட் சீட்டு போதாதா என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

மெஷினை இறக்கிய அன்று அப்பா வந்து பார்த்தார். அவர் இளவயதில் கையால் தடி, அதாவது வெட்டிய முழு மரம், அறுத்தவர். மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள் நின்று பெரிய அறுப்பு வாளால் இழுப்பார்கள். வெட்டு ஒரு முழம் ஓடியதும் பிளவில் ஒரு மர ஆப்பை அடித்து வைத்துவிட்டுத்தான் மேலே அறுப்பார்கள். இல்லையென்றால் தடி தன் வாயை மூடி வாளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்பா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிளேடுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "ஆப்பு எங்க மக்கா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, பிளேடுக்குப் பின்னாடி ஏதாவது தகடு வருமா?" என்று கேட்டேன். "அது எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு தம்பி. நம்ம ஊர்ல ஒருத்தனும் மாட்டுறதில்ல. மாட்டினாலும் ரெண்டாம் நாள் கழட்டிப் போட்டிருவான், வேலைக்கு இடைஞ்சல்" என்றார். அப்பாவிடம் அதையே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஐம்பது வருடம் மரத்தோடு கிடந்தவரின் ஒரு கேள்வியை விட ஒரு வியாபாரியின் பேச்சை நம்பினேன்.

அந்தத் தகட்டின் பெயர் ரைவிங் நைஃப். பெயரில் கத்தி இருந்தாலும் கூர் கிடையாது. பிளேடுக்குப் பின்னால் அதே கோட்டில் நிற்கும் வளைந்த எஃகுத் தகடு, அவ்வளவுதான். அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நிற்பதால் மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வ முடியாது. பிளேடை ஏற்றினால் அதுவும் ஏறும், இறக்கினால் இறங்கும். பல்லுக்கும் தகடுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும், 8 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்பா கேட்ட ஆப்பு இதுதான்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்று சொல்கிறேன். டேபிள் சாவில் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேசையில் அழுத்தி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுந்து, உச்சியில் நம்மைப் பார்த்து ஓடி வருகின்றன. பின்னால் மரம் பிளேடைக் கவ்வினால், அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி, அறுப்பவர் மேலேயே எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 138 கிலோமீட்டர். நாகர்கோவில் பைபாஸில் ஒரு கார் அந்த வேகத்தில் வந்தால் நாம் எட்டி நிற்போம். இங்கே ஒரு முழம் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

அன்று அறுத்தது அயனிப் பலகை. ஐந்தடி நீளம், ஒன்றரை அங்குல கனம். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் மீதி இருந்தது. கட்டில் சட்டத்துக்காக நீளவாக்கில் கீறிக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. பிளேடு முனகுவது போல ஒரு சத்தம். அந்த நொடியில் தள்ளுவதை நிறுத்தி, மரத்தை அசையாமல் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். பலகை பின்னால் எழும்பியதைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்தது வயிற்றில் அடி. பலகையோடு இடது கையும் பிளேடு பக்கம் இழுபட்டது. கிக்பேக்கில் வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் கையைக் கொண்டு பிளேடில் வைப்பதில்லை, பிடித்திருந்த மரம் திடீரென்று இல்லாமல் போகிறது, கை போக இடமில்லாமல் அங்கே போய் விழுகிறது.

பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் இடதுபுறம் ஒதுங்கி நின்றிருந்தால் வயிற்றில் பட்டிருக்காது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தகடு இருந்திருந்தால் பலகை பெரும்பாலும் எழும்பியிருக்காது.

தையல் பிரித்த மறுநாள் கடைக்குப் போனேன். "நீங்க அழுத்தித் தள்ளியிருப்பீங்க தம்பி" என்றார். தகடு வேண்டும் என்று நின்றேன். அது தனிச் சாமான், 4,800 ரூபாய் என்றார். அதையும் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து ஒரு தகடு வந்தது. மாட்டி அறுத்தால் மரம் பிளேடைத் தாண்டியதும் தகட்டில் முட்டி நின்றுவிடுகிறது. தள்ளவே முடியவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தோம். தகடு 3 மில்லிமீட்டர். என் பிளேடில் 2.8/1.8 என்று அச்சடித்திருக்கிறது. முதல் எண் பிளேடு போடும் பிளவின் அகலம், இரண்டாவது எண் பிளேடு உடம்பின் கனம். தகடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு 2.2 அல்லது 2.5 சரியாக இருக்கும். பிளவைவிடத் தடித்த தகட்டைக் கொடுத்தால் அது மரத்தை முட்டி நிறுத்தும், நாம் இன்னும் அழுத்தித் தள்ளுவோம், மறுபடியும் ஆபத்து. அவர்கள் ஏதோ பழைய இரும்புத் தகட்டை கிரைண்டரில் வெட்டி வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் வெட்டிய தடம் அப்படியே இருக்கிறது.

அப்புறம்தான் முழு விஷயமும் தெரிந்தது. திங்கள்நகர் பக்கம் ஓர் அண்ணன் இதே மெஷினைப் பெட்டியோடு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவருடைய பெட்டியில் ரைவிங் நைஃப், பிளேடின் மேல் வரும் கண்ணாடி மாதிரியான மூடி, தள்ளு குச்சி, கையேடு எல்லாம் இருந்தன. கூட வரும் சாமான்கள் என்று கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. அப்படியென்றால் என் மெஷினோடும் வந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, 5,000 குறைத்துத் தருவதாக என்னிடம் பேசியிருக்கிறார்கள்.

அதைவிட மோசம் சுவிட்ச். அந்த அண்ணனின் மெஷினில் பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள சுவிட்ச் இருந்தது, உள்ளே நோ வோல்ட் காயில் உண்டு. கரண்டு போனால் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். கரண்டு திரும்பி வந்தாலும் நாம் பச்சையை அமுக்கினால்தான் ஓடும். என் மெஷினில் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு எம்.சி.பி.யை மாட்டியிருந்தார்கள், கரண்டு போனாலும் அது விழாது. ஆடிச் சாரலில் நம் மாவட்டத்தில் கரண்டு எப்படிப் போய் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் அறுக்கும்போது கரண்டு போனது. என்னோடு நிற்கும் பையன் பிளேடு ஓரத்தில் சிக்கிய சீவலை எடுக்கக் குனிந்தான். நான் ஏதோ சொல்லிக் கூப்பிட்டேன், அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போது கரண்டு வந்து பிளேடு சுழன்றது. பத்தொன்பது வயதுப் பையன். அவனுடைய அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இன்னொரு பொய்யையும் சொல்லியாக வேண்டும், இப்போது பலரும் இதில் விழுகிறார்கள். கை பட்டால் பிளேடு நின்றுவிடும் மெஷின்களைப் போனில் வீடியோவாகப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்துவிட்டுக் கேட்டேன். "இதுலயும் பிரேக் இருக்கு" என்று ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினார்கள். அது மோட்டார் சூடேறினால் விழும் ஓவர்லோடு பொத்தான். வீடியோவில் வருவது வேறு. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் கண்டுபிடித்த ஏற்பாடு அது, சாஸ்டாப் என்ற பெயரில் விற்கிறது. பிளேடில் ஒரு சிறு மின் சிக்னல் ஓடும், உடம்பு பட்டதும் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து 5 மில்லி செகண்டுக்குள் பிளேடை நிறுத்தும். ஒரு முறை பாய்ந்தால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும். 64,000 ரூபாய் மெஷினில் அது இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே சில காரியங்களைச் செய்யுங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கையேட்டை எடுத்து, கூட வரும் சாமான் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். மெஷினை ஓடவிட்டு, சுவரில் இருக்கும் பிளக் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். மெஷின் தானாக ஓடினால் வாங்காதீர்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபென்ஸைப் பாருங்கள், அறுக்கும்போது மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கவாட்டுச் சட்டம்தான் அது. பிளேடின் ஒரு பல்லில் அடையாளம் வைத்து, அது முன்னால் இருக்கும்போது ஃபென்ஸ் வரை அளந்து, அதே பல்லைப் பின்னால் திருப்பி மறுபடி அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறைந்தால் ஃபென்ஸே மரத்தைப் பிளேடில் நெருக்கும்.

வேலையின்போது நான் இப்போது கடைப்பிடிப்பது: மரத்துக்கு மேலே பல் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் பிளேடை ஏற்றுவதில்லை. கையுறை போடுவதில்லை, ஏனென்றால் பல் துணியைப் பிடித்தால் கையையும் இழுத்துக்கொள்ளும். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் யாரையும் விடுவதில்லை. ஆறு அங்குலத்துக்குக் குறைந்த அகலம் என்றால் தள்ளு குச்சிதான். குறுக்கே வெட்டும்போது மரத்தின் நுனியை ஃபென்ஸில் முட்டக் கொடுப்பதில்லை, வெட்டுப்பட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டினால் அதுவும் எகிறும். ரப்பர் தடி அறுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கீறியதும் வில் மாதிரி வளையும் பலகைகள் அதில் நிறைய வரும்.

புகார் பற்றிச் சிலர் கேட்டார்கள். தொழிலுக்கு வாங்கிய சாமானுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று கடைக்காரர் என்னை மிரட்டினார். அது சரியல்ல. சொந்தமாக வேலை செய்து பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், சாமானுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசினேன், பிறகு வக்கீல் நோட்டீஸ், இப்போது நாகர்கோவிலில் மாவட்ட ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது. பில் இல்லாததுதான் பெரிய குறை. பணத்தில் 40,000-ஐ போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவும் எஸ்டிமேட் சீட்டும்தான் இப்போது என் சாட்சி.

மெஷின் கம்பெனியிடம் நேரடியாகப் பேசி அசல் ரைவிங் நைஃபையும் மூடியையும் சுவிட்சையும் வரவழைத்தேன். வந்த அன்று அப்பா தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் மாட்டி முடிக்கும் வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் "டிஸ்ப்ளே பீஸ்" என்று சொல்லி டேபிள் சா வாங்கியவர்கள் இன்றைக்கே பிளேடுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். தகடு இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் அதை வரவழையுங்கள். எஸ்டிமேட் சீட்டை எறிந்துவிடாதீர்கள். அதே கடை என்றால் எனக்கு எழுதுங்கள், உங்கள் சீட்டையும் சேர்த்து ஆணையத்தில் கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்கிறேன்.