ஓரக்கல்லைத் தூக்கும் வேர்: வெட்டுவதா, தடுப்பதா, விலகிப் போவதா?

பாத்தியைச் சுற்றி நேராகப் பதித்த ஓரக்கற்கள் சில வருடங்களில் மேடும் பள்ளமுமாகிவிட்டால், பதித்தவரைத் திட்டுவதற்கு முன் பக்கத்து மரத்தைப் பாருங்கள். மரம் என்றதும் ஆழமாக இறங்கும் ஆணிவேர்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, பக்கவாட்டில் ஓடுகின்றன. காற்றும் ஈரமும் அங்கேதான் கிடைக்கும். கல்லுக்கு அடியில் ஈரம் சீக்கிரம் காயாது என்பதால் வேருக்கு அது நல்ல வழி. விரல் கனத்தில் நுழைந்தது வருடா வருடம் பருக்கிறது, மேலே இருக்கும் கல்லைத் தூக்குகிறது.

பலரும் முதலில் எடுப்பது கோடரி. ஒரே மதியத்தில் வேலை முடியும், கல் பழையபடி உட்காரும். ஆனால் எந்த வேரை, எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரத்தைத் தாங்கி நிற்பவை அடிமரத்தை ஒட்டிய பருத்த வேர்கள். அடிமர விட்டத்தின் மூன்று மடங்கு தூரத்துக்குள் கை வைக்கவே கூடாது. ஐந்து மடங்குக்கு அப்பால் போனால் ஓரளவு நிம்மதி. அதாவது 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 90 செ.மீ. வரை தொடக்கூடாத இடம், 1.5 மீட்டருக்கு வெளியே பரவாயில்லை. அங்கேயும் 5 செ.மீ.க்கு மேல் தடித்த வேரை விட்டுவிடுவதே நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மண்ணை விலக்கி, கூர்மையான ரம்பத்தால் சுத்தமாக அறுங்கள். கோடரியும் மண்வெட்டியும் வேரைச் சிதைக்கும், அழுகல் அந்த வழியாக உள்ளே போகும். இவ்வளவு செய்த பிறகும் வெட்டிய முனையிலிருந்து புது வேர்கள் கிளம்பி அதே கல்லைத் தேடி வரும்.

அடுத்தது, மண்ணுக்குள் நிற்க வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் தடுப்புத் தகடு. விளம்பரத்தைப் பார்த்தால் இதுதான் நிரந்தரத் தீர்வு என்று தோன்றும். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 60 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினால் வழியில் வரும் வேர்கள் எல்லாமே அறுபடும். ஆக வளர்ந்த மரத்துக்கு இதுவும் வேர் வெட்டுதான், இன்னும் பெரிய அளவில். இளங்கன்று நடும்போதே வைத்தால் கதை வேறு. வேர் தொடக்கத்திலேயே கீழ்நோக்கித் திரும்பும். தகட்டின் மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேர் அதன் மேலேறித் தாண்டிவிடும். அடிமண் இறுகிக் கிடந்தாலோ, தகட்டுக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் மேலே வந்துவிடும்.

மூன்றாவது வழி, கல்லை மரத்துக்காக நகர்த்துவது. வளர்ந்த மரம் என்றால் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். கல்லைத் திரும்பப் பதிக்க ஒரு நாள் போதும், இருபது வருட மரத்தை ஒரு நாளில் கொண்டுவர முடியாது. சிமென்ட் கலவையில் கட்டிய விளிம்பு வேர் அசைத்தால் வெடிக்கும். மணல் படுக்கையில் சும்மா பதித்த கல்லோ எழும்பும், அவ்வளவுதான். எடுத்துச் சரிசெய்து திரும்ப வைக்கலாம். ஒரே ஒரு வேர் குறுக்கே வந்தால் அந்த இடத்தில் கல்லை விட்டுவிடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து, வேர் பருக்க இடைவெளி விட்டு, ஒரு நீளக் கல்லைப் பாலம் மாதிரி மேலே போடுங்கள். வேர்கள் கூட்டமாக எழும்பியிருந்தால் நேர்கோட்டு ஆசையை விட்டுவிட்டு, அந்த வேர்ப்பரப்பையும் உள்ளே சேர்த்து விளிம்பை வளைத்துக் கொண்டுபோவதே சரி. உள்ளே 5 முதல் 8 செ.மீ. வரை இலைச்சருகோ மரச்சீவலோ மூடாக்காகப் பரப்பலாம், அடிமரத்தைத் தொடாமல்.

வெளியே தெரியும் வேரை மறைக்க மட்டும் மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள். மூச்சு முட்டிய வேர் மறுபடி மேலே ஏறும், அல்லது மரமே நலிந்து போகும்.