பழைய கண்ணாடி மணிகளைப் பார்க்க ஒரு பத்து மடங்கு லென்ஸ்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைகளில் கொலுசு வேலையைச் சரிபார்க்க ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும். அதைத்தான் நான் பல வருடமாகப் பழைய பாசிமணிகளைப் பார்க்கப் பயன்படுத்துகிறேன். முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று பொறித்து மலிவாக விற்பதை வாங்க வேண்டாம். ஓரமெல்லாம் வானவில் நிறம் அடிக்கும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிய பத்து மடங்கு லென்ஸே போதும். என்னுடையதில் மடக்குத் திருகு அடிக்கடி தளர்ந்துவிடும், இறுக்கிக்கொண்டால் சரி. வேறு குறையில்லை.

மணியை இடுக்கியில் பிடித்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால் உள்ளே காற்றுக்குமிழிகள் தெரியும். துளை போகும் திசையிலேயே அவை நீண்டு, அரிசி மாதிரி கிடந்தால், உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, துண்டு போட்டுச் செய்த மணி. துளையைச் சுற்றி வளைந்து ஓடினால், கம்பியில் சுற்றிச் செய்தது. செம்பு கலந்த செங்கல் நிற மணிக்குள் வெளிச்சம் போகாது. அதில் துளையோடு சேர்ந்து ஓடும் மெல்லிய கருங்கோடுகளை மேற்பரப்பில் தேட வேண்டும். மண்ணில் கிடந்து சொரசொரப்பான மணியென்றால் வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உள்ளே இருப்பது தெளியும்.

இவ்வளவு பார்த்தாலும் தெரிவது செய்முறைதான், வயது இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்காட்டில் ஒருவர் 'ரெண்டாயிரம் வருஷத்து மணி' என்று ஒரு சரம் காட்டினார். இழுத்துச் செய்த மணிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் புதுச்சேரி அருகே பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் இழுத்த அதே முறையில் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் மணி இழுத்தார்கள். குமிழியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. புற ஊதா டார்ச் கொஞ்சம் உதவும்: பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் சேர்த்த கண்ணாடியாக இருக்கலாம், அப்படியானால் 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோதான்.

உயிருள்ளவற்றிலிருந்து வந்த கரிமத்தை வைத்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பு கண்ணாடிக்குப் பொருந்தாது. மணியின் காலத்தை அதோடு கிடந்த பொருளும் மண்ணடுக்கும்தான் சொல்ல வேண்டும். பழனி பக்கம் பொருந்தல் அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் அந்த இடத்துக்குச் சொல்லும் கி.மு. 490 என்ற கணக்கு அங்கே ஈமக்குழியில் கிடைத்த நெல்லிலிருந்து வந்தது, மணியிலிருந்து அல்ல.

எங்கே செய்தது என்பதற்கு ஆய்வகம்தான் வேண்டும். லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு புள்ளியை ஆவியாக்கி, அதிலிருக்கும் தனிமங்களை அளக்கிறார்கள். ரோமானியக் கண்ணாடியில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) குறைவு, நம் பக்கத்தில் சோடா உப்பு சேர்த்து உருக்கிய கண்ணாடியில் அதிகம். அதிலும் பேரியம் கூடுதலாகவும் யுரேனியம் குறைவாகவும் இருக்கும் ஒரு வகையைத் தென்னிந்தியா, இலங்கையோடு சேர்க்கிறார்கள். இந்தப் பிரிப்பு எனக்குப் பெரிய ஆச்சரியம், நம் மணலே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது!

லென்ஸ் வாங்குபவர்கள் கூடவே ஒரு நோட்டும் வாங்குங்கள். பாட்டி வீட்டுச் சரமென்றால் யார் கொடுத்தது, எந்த ஊர், எப்போதிருந்து என்று கேட்டு அன்றைக்கே எழுதிவிடுங்கள். அப்புறம், சேர்வராயன் அடிவாரக் காட்டில் உழுத மண்ணில் மணி கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். இடம் தெரியும்படி படமெடுத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.