மிஞ்சிய செடியை எந்த வழியில் விற்பது? வாசல், வாட்ஸ்அப், நர்சரி, கூரியர்: ஓர் ஒப்பீடு

மழைக்காலம் தொடங்கியதும் மாடித்தோட்டக்காரர்களின் வீடுகளில் செடிகள் மிஞ்சத் தொடங்கிவிடும். கவாத்து செய்த செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளைக் குப்பையில் போட மனம் வராமல் ஆவின் பால் கவர்களில் ஊன்றி வைத்திருப்போம். ஈரக்காற்றில் அவற்றில் பெரும்பாலானவை துளிர்த்துவிடும். கற்றாழை தன்னைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் விட்டிருக்கும், துளசி உதிர்த்த விதை தொட்டிக்குத் தொட்டி முளைத்திருக்கும், நமக்கு வேண்டியது ஆறு கத்தரி நாற்று என்றால் ஒரு பாக்கெட் விதையில் முளைத்து நிற்பது அறுபதாக இருக்கும். சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தது போக நிற்பவற்றை விற்றால் மண்ணுக்கும் உரத்துக்கும் ஆன செலவாவது திரும்பும் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

வீட்டிலிருந்தபடியே விற்க நம் ஊர்களில் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு: வாசலில் வைத்து விற்பது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது, அருகிலுள்ள நர்சரிக்கு மொத்தமாகக் கொடுப்பது, கூரியரில் வெளியூருக்கு அனுப்புவது. இவற்றில் எது லாபமானது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. எந்தச் செடிக்கு எந்த வழி என்று கேட்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது மண். அரை லிட்டர் பால் கவரில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பித் தண்ணீர் விட்டால் அரைக் கிலோவுக்கு மேல் எடை நிற்கும். ஐந்துக்கு ஏழு அங்குல நர்சரிப் பையானால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். மண்ணோடு மட்டுமே பிழைக்கும் செடியைத் தெருவுக்குள்ளேயே விற்க வேண்டும். வேரை அலசியோ, குச்சியாகவோ, கிழங்காகவோ போகக்கூடியது நாகர்கோவிலுக்கும் போகும், நாக்பூருக்கும் போகும்.

வாசல்

வாசல் விற்பனைக்குச் செலவு என்று எதுவும் இல்லை. பழைய ஸ்டூல் ஒன்றின் மேல் ஏழெட்டுக் கன்றுகள், விலை எழுதிய அட்டை, பணம் செலுத்த யுபிஐ கியூஆர் கோடு ஆகியவை போதும். துளசி, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, கற்றாழை போன்றவற்றைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் விளக்கம் சொல்லும் வேலையும் இல்லை. ஆளில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். மனிதர்கள் எடுத்துப்போவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். மாடும் ஆடும் சுற்றும் தெருவில் ஸ்டூல் உயரம் போதாது என்பதுதான் நடைமுறைத் தொல்லை. (மணி பிளாண்டை மட்டும் வாசலில் வைப்பதில் பயனில்லை. திருடி வைத்தால்தான் அது செழிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் உறுதியாக இருப்பதால், அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு.)

இதன் குறை நேரம். யார் எப்போது அழைப்பு மணியை அடிப்பார்கள் என்று தெரியாது. மதிய உறக்கத்தில் எழுந்து வந்து கதவைத் திறந்தால், ஒரு துளசிக் கன்றுக்கு விலை கேட்டுவிட்டு நாளை வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். வாசலில் விற்பவர் தெருவில் வரும் செடி வண்டிக்காரரோடும் போட்டி போடுகிறார். அவரிடம் பூத்த ரோஜா இருக்கும், பூத்த செவ்வந்தி இருக்கும். நம்மிடம் இருப்பது இன்னும் மொட்டு வைக்காத செம்பருத்திக் கன்று. ஆகவே வாசலில் வைக்க ஏற்றவை, பூவைக் காட்டி விற்கத் தேவையில்லாத மூலிகைகளும் கீரைகளும்தான்.

வாட்ஸ்அப் குழு

என்னைக் கேட்டால், மண்ணோடு போக வேண்டிய செடிகளுக்கு நான்கில் இதுவே முதல் தேர்வு. வாங்குபவர் அதே தெருவிலோ அடுத்த பிளாக்கிலோ இருப்பார். செடி அதே வெயிலுக்கும் அதே தண்ணீருக்கும் பழகியது. எடைக்கு யாரும் காசு வாங்குவதில்லை. தாய்ச்செடியின் படத்தைப் பூவோடும் காயோடும் போட முடியும் என்பதால், கன்று இன்னும் பூக்கவில்லை என்ற வாசல் விற்பனையின் குறை இங்கே இல்லை. அடுக்குச் செம்பருத்தியின் படத்தைக் காலை ஏழு மணிக்கு, பூ முழுதாக விரிந்திருக்கும்போது எடுத்துப் போட்டுப் பாருங்கள். எத்தனை கன்று இருக்கிறது என்ற கேள்வி உடனே வரும்.

காய்கறி நாற்றுகளுக்கு இந்த வழியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தக்காளி, கத்தரி நாற்றுகள் விதைத்த 25 முதல் 30 நாளில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். அந்தப் பருவத்தைத் தாண்டி ஒரு வாரம் குழித்தட்டிலேயே இருந்தால் தண்டு நீண்டு, வேர் சுருண்டு, நட்டாலும் சோர்ந்தே நிற்கும். பூச்செடி ஒரு மாதம் காத்திருக்கும், நாற்று காத்திருக்காது. எனவே ஆடிப்பட்டத்துக்கு முன்பே, இன்னின்ன நாற்று போடப்போகிறேன், யாருக்கு எத்தனை வேண்டும் என்று குழுவில் கேட்டுக்கொண்டு, அந்தக் கணக்கில் விதைப்பது நல்லது. வழக்கமான குழித்தட்டில் 98 குழிகள் இருக்கும். பாதிக்காவது முன்பதிவு இல்லாவிட்டால் முழுத் தட்டையும் நிரப்ப வேண்டாம். கலப்பினத் தக்காளியிலிருந்து நாமே எடுத்த விதையில் வந்த நாற்று தாயைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், அதை நாட்டுத்தக்காளி நாற்றோடு கலக்காமல் தனியாகச் சொல்லி விற்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரரிடம் தவறான செடியை விற்றுவிட்டு மாடியில் நிம்மதியாக நிற்க முடியாது.

இந்த வழிக்கும் ஒழுங்கு தேவை. எடுத்துக்கொள்ளும் நேரத்தை வாரத்தில் ஒரு மாலை என்று வரையறுத்து, பணம் அனுப்பியவருக்கு மட்டும் பெயர் எழுதி ஒதுக்கி வைத்தால், வாசல் விற்பனையில் நாள் முழுதும் சிதறும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பணம் அனுப்பாமல் எனக்கு இரண்டு என்று மட்டும் எழுதுபவர்களுக்காகச் செடியை எடுத்து வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், பை கொண்டுவரச் சொல்லிவிடுவதும் அவசியம். ஈரமண் ஒழுகும் கவரைத் துணிப்பையில் வைக்க யாரும் விரும்புவதில்லை என்பதால், மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டிகள் சிலவற்றை நாமே வாங்கி வைத்திருப்பது உதவும்.

இதன் எல்லை விரைவில் தெரிந்துவிடும். ஒரு குடியிருப்பில் செம்பருத்தி வேண்டியவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அதே செடிக்கு ஆள் இருக்காது. அவர்கள் வீட்டிலும் அது குச்சி தரத் தொடங்கியிருக்கும்.

நர்சரி

மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாடியைக் காலி செய்ய நினைப்பவர்கள் நர்சரியை நாடுகிறார்கள். வீட்டுத்தோட்டக்காரர்கள் பலர் இங்கே ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் உண்டு. ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் வட்டார நர்சரிகளிலிருந்தும் ஓசூர், பெங்களூரு பகுதிகளிலிருந்தும் நம் ஊர் நர்சரிகளுக்கு லாரி லாரியாகச் செடிகள் வருகின்றன. மல்லிகை நாற்று என்றால் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் வட்டாரத்திலிருந்து வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அந்த அளவில் உற்பத்தியாகும் செடியின் அடக்க விலையோடு பால் கவரில் வளர்ந்த பத்துக் கன்றுகள் போட்டியிட முடியாது. தவிர, நர்சரிக்காரருக்கு ஒரே ரகம், ஒரே உயரம், ஒரே பை, ஐம்பது அல்லது நூறு என்ற எண்ணிக்கை வேண்டும். நம்மிடம் இருப்பதோ இதில் மூன்று, அதில் ஐந்து.

கணக்காகவே பார்ப்போம். வாட்ஸ்அப் குழுவில் 40 ரூபாய்க்குப் போகும் கன்றுக்கு நர்சரி 12 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கன்றுகளுக்கு 240 ரூபாய். அவற்றை ஏற்றிச் செல்ல ஆட்டோ பிடித்தால் அதில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, ஆடாதொடை, சிறியாநங்கை போன்ற மூலிகைகள் லாரியில் வரும் அலங்காரச் செடிகளுக்கு நடுவே அதிகம் இருப்பதில்லை. வாடிக்கையாளர்கள் கேட்டு இல்லையென்று திரும்பும் செடிகள் இவை. இவற்றை ஒரே அளவுப் பையில் இருபது முப்பதாகத் தயார் செய்து கொண்டுபோனால் பேச்சு வேறு விதமாக இருக்கும். பணத்துக்குப் பதிலாகச் செம்மண் மூட்டையோ மண்புழு உரமோ தருவதாக நர்சரிக்காரர் சொன்னால் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அதை எப்படியும் அவரிடம்தான் வாங்கப்போகிறோம்.

கூரியர்

தூரத்து வாடிக்கையாளர் அதிக விலை தருவார் என்பது உண்மை. அவர் ஊரில் கிடைக்காத ஒன்றுக்குத்தான் அவர் நம்மைத் தேடி வருகிறார். எனினும் அந்த விலையில் பாதியைக் கட்டணமும் பொதியும் தின்றுவிடும், மீதியில் ஒரு பங்கை வழியில் செத்த செடிக்காகத் திருப்பித் தர வேண்டியிருக்கும். மண்ணோடு அனுப்புவது நடக்காத காரியம்: எடைக்குக் கட்டணம் ஏறும், கவிழ்த்துப் போட்டால் மண் கொட்டி வேர் அறும், ஈரம் கசிந்தால் அட்டைப்பெட்டி பிய்ந்துவிடும்.

மண்ணில்லாமல் அனுப்பும் முறை இது. முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, காலையில் கவரைக் கிழித்து, வேர்மண்ணை வாளித் தண்ணீரில் மெல்ல அலசி எடுக்க வேண்டும். பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டால் நீர் இழப்பு குறையும். ஈரமான தென்னைநார்க் கழிவைப் பிழிந்து, கையில் தண்ணீர் சொட்டாத பதத்தில் வேரைச் சுற்றி வைத்து, நாளிதழால் சுற்றி, வேர்ப்பகுதியை மட்டும் பாலித்தீனால் கட்ட வேண்டும். இலைப்பகுதியையும் சேர்த்து மூடினால் உள்ளே புழுங்கி இரண்டாம் நாளே அழுகல் தொடங்கும். பெட்டியின் பக்கங்களில் சில துளைகள் இட்டு, செடி உள்ளே உருளாதபடி காகிதத்தை அடைத்து, திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமையில் அனுப்ப வேண்டும். வெள்ளியன்று கொடுத்தால் பெட்டி ஞாயிறு முழுவதும் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். சித்திரை, வைகாசியில் எதையும் அனுப்பாமல் இருப்பதே மேல்.

இவ்வளவு பாடும் தேவைப்படாத செடிகளும் இருக்கின்றன, கூரியர் அவற்றுக்கே உரியது. அடினியம், பாம்புக் கற்றாழை, பிரண்டைத் துண்டு, டிராகன் பழக் குச்சி ஆகியவை ஒரு வாரம் மண்ணில்லாமல் கிடந்தாலும் சலித்துக்கொள்வதில்லை. மழை லில்லி, சம்பங்கி ஆகியவற்றின் கிழங்குகள் காய்ந்த நிலையிலேயே போகும். தாமரைக் கிழங்கை ஈரத்துணியில் சுற்றி அனுப்பலாம். கேரளத்தில் முற்றத்துத் தொட்டிகளில் தாமரை வளர்த்து இப்படியே வெளிமாநிலங்களுக்கு விற்கும் வீட்டுத்தோட்டக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். விதைக்கு உறை போதும். விதை பரிமாறிக்கொள்பவர்கள் பழகியிருந்த பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், சிறு விதைப் பொட்டலத்துக்கான செலவை விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கறிவேப்பிலையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கூரியரில் அனுப்ப வேண்டாம். தாய்மரத்தின் வேரிலிருந்து பிடுங்கிய பக்கக்கன்று பிழைப்பது அரிது என்பது ஒரு காரணம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சாறுண்ணிப் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் குடியிருக்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம். தெருவில் யாராவது கேட்டால், கறுத்துப் பழுத்த பழங்களைச் சதை நீக்கி உடனே மண்ணில் போட்டு, முளைத்த கன்றைக் கவரோடு கொடுங்கள். அந்த விதை காய்ந்தால் முளைப்புத்திறன் வேகமாகப் போய்விடும்.

பூச்சி விஷயத்தில் நான்கு வழிகளுக்கும் பொறுப்பு ஒன்றே, விளைவுதான் வேறு. 2008இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி என்று தாவி மாநிலம் முழுதும் பரவியது. நாற்றும் கன்றும் கைமாறுவது அத்தகைய பூச்சிகளுக்கு நல்ல வாகனம். விற்கவிருக்கும் கன்றுகளை இரண்டு வாரம் தனியே ஒதுக்கி, இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்து, தேவையானால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து தெளித்த பிறகே கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர் பூச்சி வந்தது என்று சொன்னால் அத்தோடு அந்த வியாபாரம் முடிந்துவிடும். பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்த மாவுப்பூச்சியோ சில வாரங்களில் நம் மாடிக்கே திரும்பி வரும்.

வரியைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு: உயிருள்ள செடிகள், குச்சிகள், கிழங்குகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்த்து விற்கத் தொடங்கினால் அந்தக் கணக்கு வேறு. நம் வீட்டில் எடுத்த விதையை, அதை முதலில் வாங்கிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு விற்கக் கூடாது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விவசாயிக்கே, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்க அனுமதிப்பதில்லை.

இவை நான்கிலும் விலை போகாத செடிகளுக்குப் பண்டமாற்று முறை இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இனி யாரும் வாங்காத செம்பருத்தி நான்கைக் கொடுத்து நம்மிடம் இல்லாத வெற்றிலைக் கொடி ஒன்றை வாங்கினால், பணக்கணக்கில் அது நட்டம். ஆனால் அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் விற்க நம்மிடம் புதிதாக ஒரு செடி இருக்கும்.