மல்பெரித் தோட்டத்தில் ஒரு பத்து மடங்கு லென்ஸ்

உடுமலைப் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். போன தை மாதம் கோவையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடை ஒன்றில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு மாதமாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நகைக் கடைக்காரர்கள் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே வகைதான்.

இதற்கு முன் ஆன்லைனில் 200 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். மேலே 30 மடங்கு என்று பொறித்திருந்தது. அது நடக்காத காரியம் என்று பிறகுதான் புரிந்தது. 250 மில்லிமீட்டரை மடங்கால் வகுத்தால் லென்ஸின் குவியத் தொலைவு வரும். பத்து மடங்குக்கு 25 மில்லிமீட்டர். முப்பது மடங்கு என்றால் 8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் பொருளை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த லென்ஸிலோ விரற்கடைத் தூரத்தில்தான் தெளிவு வந்தது. ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் வேறு. புதியதில் மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்திருக்கிறார்கள். ஓரம் வரை கோடு வளையாமல் நேராகவே தெரிகிறது, நிறம் பிரியவில்லை.

ஒன்று மட்டும் பழக வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையைத்தான் அதனருகே கொண்டுவர வேண்டும். இலை மேல் லென்ஸைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

சரி, இது எதற்கு உதவியது என்று சொல்கிறேன். வெயில் ஏறினால் மல்பெரி நுனியில் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி வந்து இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். டுக்ரா என்பார்கள். புழு தின்னும் இலை என்பதால் நினைத்தபடி மருந்தடிக்க முடியாது. நுனியைக் கிள்ளி எரிப்பதுதான் வழக்கம். பங்குனியில் அப்படிக் கிள்ளிய நுனி ஒன்றை விரித்து லென்ஸில் பார்த்தேன். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு மெல்ல ஊர்ந்தது.

முதலில் பொறிவண்டுப் புழு என்றுதான் நினைத்தேன். மாவுப்பூச்சியைத் தின்னட்டும் என்று விடுவார்களே, கிரிப்டோலேமஸ், அதன் புழுவும் வெள்ளை மெழுகோடுதான் இருக்கும். ஆனால் அதற்கு மெழுகு குஞ்சம் குஞ்சமாக நீண்டிருக்கும், ஓடும்போது ஆறு கால்கள் தெரியும். இது நத்தை உடம்பு போல் தட்டை. கால் வெளியே தெரியவில்லை. முதுகில் மாவுப்பூச்சியின் மெழுகுத் தூளை அப்பியிருந்தது. மாவுப்பூச்சி விடும் இனிப்பான தேன்கழிவுக்காகக் காவல் நிற்கும் எறும்புகள் அதை ஒன்றும் செய்யவில்லை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொட்டு.

அடுத்த நுனியில் அதன் கூட்டுப்புழு. ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது, பறவை எச்சம் காய்ந்தது போலக் கிடந்தது. லென்ஸை என் மகளிடம் கொடுத்தேன். "அப்பா, குரங்கு மூஞ்சி!" என்றாள். கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்த முகம், அச்சாக. இதனால்தான் ஆங்கிலத்தில் இதை ஏப்ஃபிளை என்கிறார்கள், ஏப் என்றால் வாலில்லாக் குரங்கு. ஸ்பால்ஜிஸ் எபியஸ் அறிவியல் பெயர்.

பாட்டிலில் துணி கட்டி வைத்தேன். ஏழாம் நாள் பழுப்பு நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. இவ்வளவு மங்கலாக இருந்தால் அந்துப்பூச்சி என்றுதான் யாரும் ஒதுக்குவார்கள். லென்ஸில் உணர்கொம்பின் நுனி தடித்துத் தெரிந்தது. நம் பட்டு அந்துப்பூச்சிக்குச் சீப்புப் போல இருக்கும். எனக்கு அந்தச் சீப்பு பழகிய கண், அதனால் உடனே பிடிபட்டது: இது வண்ணத்துப்பூச்சி. இறக்கையின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக மெல்லிய வரிகள். நீலன்கள் என்று சொல்லும் லைகேனிடே குடும்பத்தில், மிலெட்டினே என்ற துணைக்குடும்பம். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களில் ஏறக்குறைய எல்லாமே தழை தின்பவை. மாவுப்பூச்சி, அசுவினி போன்றவற்றைத் தின்று வளர்கிறவை பெரும்பாலும் இந்தத் துணைக்குடும்பத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் அசுவினி தின்னும் ஹார்வெஸ்டர் என்பதும் இதன் உறவுதான். அதன் கூட்டுப்புழுவுக்கும் குரங்கு முகம். பட்டுப்புழு நான்கு முறை சட்டை உரித்து ஐந்து பருவம் காணும். நம் ஏப்ஃபிளையின் புழு நான்கே பருவத்தில் முடித்துக்கொள்கிறது.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவையில் முதலில் தென்பட்டு, அப்புறம் மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வளைத்தபோது நாங்களும் கிள்ளிக் கிள்ளி எரித்தோம். 2010-இல் அந்த மாவுப்பூச்சியை அழிக்கும் அசெரோபேகஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே மூச்சு வந்தது. அந்த நெருப்பில் இந்தப் புழுக்கள் எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

லென்ஸின் குறைகளும் உண்டு. பார்வைப் பரப்பு குறுகல். கொஞ்சம் காற்றடித்தாலும் இலை ஆடித் தெளிவு போய்விடும், கிள்ளித்தான் பார்க்க வேண்டும். பறந்து உட்காரும் பூச்சியை இதில் பார்க்க முடியாது. மடக்கு ஆணி மூன்றாம் மாதமே தளர்ந்தது, திருகி முடுக்கினேன். கயிறும் தரவில்லை, சிவப்புக் கயிறு நானே கட்டினேன். பச்சைக்குள் விழுந்தால் தேட வேண்டுமே.

இப்போது கிள்ளிய நுனிகளைக் கூடையில் போட்டு, வேலைக்கு வரும் அக்காவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். முகம் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி, டுக்ரா இருக்கும் வேறு செடியில் நூலால் கட்டிவிடுகிறோம். மிச்சம்தான் நெருப்புக்கு. அக்கா தனக்கும் ஒரு லென்ஸ் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்.