ப்ளெகோ: 'டா' என்ற ஓர் எழுத்தை வைத்து ஒரு விமர்சனம்

சீன எழுத்துகளைப் பழக்கும் செயலிகள் பல, எழுத்துக்கு ஓர் அர்த்தம் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். நான் முன்பு வைத்திருந்த ஒன்று (பெயர் வேண்டாம்) 'டா' என்றால் 'அடித்தல்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. பிறகு 'டா ஸான்' (குடை பிடித்தல்) என்று எங்காவது வந்தால், குடையை ஏன் அடிக்கிறார்கள் என்று முழிக்க வேண்டியதுதான்.

ப்ளெகோ பாடம் நடத்தும் செயலி இல்லை, அகராதி. 2000இல் பாம் கையடக்கக் கருவிகளின் காலத்தில் தொடங்கியது, இன்று போனில் இணையம் இல்லாமலும் ஓடுகிறது. ஓர் எழுத்தைத் தொட்டால் பொருள், உறுப்புகள், அது வரும் சொற்கள் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். 'டா'வுக்கு இடப்பக்கம் கை. வலப்பக்கம் 'டிங்', ஒலிக்காகச் சேர்ந்தது. இன்றைய உச்சரிப்போடு அது ஒட்டவில்லை என்பது வேறு விஷயம். சீனத்தில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் பொருளும் மாறும்: மூன்றாம் தொனியில் அடி, இரண்டாம் தொனியில் சொன்னால் டஜன்!

எனக்குப் பிடித்தது சொற்பட்டியல்தான். போன் பேச டா, டைப் செய்ய டா, ஊசி போட டா, தண்ணீர் பிடிக்க டா, டாக்ஸி பிடிக்க டா, ஸ்வெட்டர் பின்னவும் டா. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. நாமும் டைப் அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், கண்கூட அடிக்கிறோம். ஆனால் ஊசியும் போனும் நம்மிடம் 'போடு'வுக்குப் போய்விடும், குடை 'பிடி'க்குப் போய்விடும். எது எதனோடு சேரும் என்பதை ஊகிக்க முடியாது, சொல்லாகவே பார்த்துப் பழக வேண்டும். அதற்கு இந்தப் பட்டியல் போல வசதி வேறில்லை.

விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 'டா' போன்ற எழுத்தின் பதிவு மலைப்பாக இருக்கும். மேலே உள்ள நாலைந்து பொருளைப் படித்துவிட்டு நேரே சொற்களுக்குப் போய்விடுங்கள்.

அடிப்படை அகராதி இலவசம். கேமராவில் எழுத்தைப் படிப்பது, நினைவு அட்டைகள் எல்லாம் கூடுதல் கட்டணம். கேமரா இல்லாமல் சமாளிக்கலாம், அட்டைகளை வாங்கலாம். ஆனால் அட்டையில் தனி எழுத்தைப் போடாதீர்கள், 'டா ஸான்' என்று முழுச் சொல்லாகப் போடுங்கள்.