இரட்டைக் குறி மருந்து: எந்த இரண்டைப் பிடிக்கிறது?

இரத்தப் புற்றுநோய்க்கு ‘இரட்டைக் குறி’ மருந்து என்று செய்தி வந்தால், அந்த இரண்டு குறிகளும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு உத்திகளைச் சொல்கிறார்கள். பி செல் என்ற வெள்ளை இரத்த அணு வகையில் தோன்றும் புற்றுநோயான பி செல் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும்.

முதல் வகை பிளினாட்டுமோமாப். 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் ஒரு முனை புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தைப் பிடிக்கும். மறுமுனை நோயாளியின் சொந்த டி செல்லிலுள்ள (நோய் எதிர்ப்பு அணு) சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும். இரண்டையும் அருகே கொண்டுவந்துவிட்டால், கொல்லும் வேலையை டி செல் பார்த்துக்கொள்ளும். நோய் திரும்பியவர்கள், பழைய மருந்துகளுக்கு மசியாதவர்கள் என 405 பேரிடம் நடந்த டவர் ஆய்வில், கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 4 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 7.7 மாதம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் மாதங்கள் மிகப் பெரியவை. தொல்லையும் உண்டு. சுமார் இரண்டு மணி நேரத்தில் மருந்தில் பாதி உடலிலிருந்து போய்விடுவதால், 28 நாள் இரவும் பகலும் பம்ப் வழியாக ஏற்ற வேண்டும். பம்ப்போடு தூங்கி, பம்ப்போடு எழ வேண்டும்.

சரி, புற்றுச் செல் சிடி19-ஐ உதிர்த்துவிட்டால்? மருந்துக்கு இரண்டு கை இருந்தும் புற்றின் மேல் இருப்பது ஒரு கைதான்; பிடி நழுவிவிடும். நோயாளியின் டி செல்களையே புற்றைத் தேடிக் கொல்லும்படி மாற்றி ஏற்றும் கார் டி செல் சிகிச்சை சிடி19-ஐ மட்டும் குறிவைத்தால், அதற்கும் இதே பலவீனம்.

இரண்டாம் வகை இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19, புற்றின் மேலுள்ள இன்னொரு புரதமான சிடி22 இரண்டையும் அடையாளம் காணும்படி மாற்றித் திரும்ப ஏற்றுகிறார்கள். இங்கே இரண்டு குறியும் புற்றின் மேலேயே. 2021-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், குழந்தைகளும் இளவயதினருமான 15 பேரில் 13 பேருக்கு நோய் அடங்கியது. ஆனால் ஏற்றிய செல்கள் உடலில் நெடுநாள் தங்காததால் பலருக்குத் திரும்பி வந்தது. தயாரிக்கவும் வாரக்கணக்கில் ஆகும். நோய் வேகமாக ஏறுபவருக்கு அந்த வாரங்கள் இருக்காது.

தப்பித்தலைத் தடுக்கும் யோசனையாக இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் இன்று ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலாவதைத்தான், அதுவும் சீக்கிரமே சொல்வேன். முதல்கட்ட சிகிச்சையில் நோயின் எச்சம்கூடத் தென்படாத 30 முதல் 70 வயதினருக்குக் கீமோதெரபியோடு பிளினாட்டுமோமாபும் கொடுத்தபோது, மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 85 சதவீதம். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் அது 68 சதவீதம்.