வெனிஸில் சுறாப் பல் பொறுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

புளோரிடாவில் இருப்பவர்களும் விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வெனிஸ் கரையில் கிடைக்கும் சுறாப் பல்லை, பல் விற்கிற கடைக்காரரிடமே காட்டி "இது என்ன பல்?" என்று கேட்காதீர்கள். எங்களை அப்படித்தான் ஏமாற்றினார்கள்.

கேஸ்பர்சன் கடற்கரையில் சல்லடை போட்டு அலசிக்கொண்டிருந்தபோது என் மகள் கையில் ஒரு பல் சிக்கியது. நல்ல கறுப்பு. இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஒரு ஓரம் மட்டும் உடைந்திருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் பொடிப்பொடியாக ரம்பம் தட்டுப்பட்டது. வேருக்கும் பளபளப்பான பகுதிக்கும் நடுவில் 'வி' மாதிரி மங்கலாக ஒரு பட்டை. சந்தோஷம் தாங்காமல் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கடையில் காசு வாங்கிக்கொண்டு பல்லை அடையாளம் சொல்வதாகப் பலகை வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்து, "காளைச் சுறா, இங்கே கூடை கூடையாகக் கிடைக்கும்" என்றார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, அனுமதிச் சீட்டு இல்லாமல் இதையெல்லாம் எடுத்துப் போனால் சிக்கல் வரும் என்றார். விசாவில் இருக்கிற குடும்பத்திடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கடைசியில், அந்தப் பல்லோடு 140 டாலர் கொடுத்தால் மெகலோடான் என்கிற, எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறாவின் ஐந்து அங்குலப் பல் தருவதாகவும், அதில் ஒட்டுவேலை எதுவும் இல்லை என்றும் சொல்லி, சான்றிதழோடு கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் மகள் எடுத்த படங்களை, புதைபடிவம் சேகரிக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினோம். பார்த்தவுடனே சொல்லிவிட்டார். காளைச் சுறாவின் பல் ஒரு அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும், அந்த 'வி' பட்டையும் அதற்குக் கிடையாது. அந்தப் பட்டைக்கு போர்லெட் என்று பெயர், மெகலோடானின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. வெள்ளைச் சுறாவின் பல்லிலும் ரம்பம் உண்டு, ஆனால் கரடுமுரடாக இருக்கும், பட்டை இருக்காது. குழந்தை எடுத்ததுதான் அசல் மெகலோடான். 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மீன் அது. தினமும் பல் விற்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

சரி, வாங்கி வந்த பெரிய பல்? பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு நுனிப் பக்கம் தேய்த்தோம். பஞ்சு கறுத்தது. அடியில் எபாக்சி என்கிற பிசினால் ஆன வெளிறிய பூச்சு, ரம்பமும் அதிலேயே கீறியது. புற ஊதா டார்ச் அடித்தபோது பூச்சு இருந்த இடம் மட்டும் தனியாக ஒளிர்ந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பல்லே இல்லை. உடைந்த பல்லுக்கு ஒட்டுவேலை செய்து விற்பது இந்தத் தொழிலில் சகஜம்தான், அதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பார்கள். மறைத்து விற்றால் அது மோசடி.

அனுமதிச் சீட்டு என்று மிரட்டினாரே, அதுவும் பொய். புளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பு உள்ள விலங்குகளின் புதைபடிவம் எடுக்கத்தான் அனுமதி வேண்டும், சுறாப் பல்லுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பழசு என்று அவர் சொன்னதும் தப்பு. புதைந்து கிடந்த மண்ணின் தாதுக்கள் ஏறித்தான் அந்த நிறம் வருகிறது.

போன் செய்து கேட்டால், "சான்றிதழில் மெகலோடான் என்றுதானே இருக்கிறது, அது மெகலோடான்தானே" என்கிறார். மகளின் பல்லைத் திருப்பிக் கேட்டோம். விற்றாயிற்றாம். எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்து, பல்லின் படங்களையும் கறுத்த பஞ்சின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். நீங்கள் போனால், கிடைக்கிற ஒவ்வொரு பல்லையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். விலைக்கு வாங்குவதாக இருந்தால் 'ஒட்டுவேலை இல்லை' என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.